தலைக்கு ஹெல்மெட், முட்டிக்கு?

எங்கள் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்கு பைக்கில் வருகிறவர்கள் ஏராளம். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். லாரிகள் ஓடும் ரோடு, ஓரமெல்லாம் மணல். ஹெல்மெட்டைச் சட்டமே கட்டாயமாக்கி இருக்கிறது. பேண்ட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'ஜீன்ஸ்தான் தடிமனா இருக்கே' என்பார்கள். வேகத்தில் தார் ரோட்டில் உராய்ந்தால் சாதா ஜீன்ஸ் நொடியில் கிழிந்துவிடும். அப்புறம் தோல்தான்!

பைக் ஓட்டுவதற்கென்றே ஜீன்ஸ் வருகிறது. உள்ளே கெவ்லார் போன்ற அராமிட் இழைத் துணி, முட்டியிலும் இடுப்பிலும் பேட். கெவ்லாரை 1965-ல் கண்டுபிடித்தவர் ஸ்டெஃபனி குவாலெக் என்ற அமெரிக்கப் பெண்மணி. டயருக்கு உறுதியான இழை தேடிய ஆராய்ச்சியில் கிடைத்ததாம். மிஷலின் டயர் தயாராகும் எங்கள் ஊருக்குப் பொருத்தம்தானே!

வாங்கும்போது நின்று பார்த்தால் போதாது சகோதரிகளே, பைக்கில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். பேட் முட்டி மேலேயே நிற்கணும். உள்பக்கச் சீட்டில் ஈ.என். 17092 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கும். அதில் 'ஏ'யைவிட 'ஏஏ' உறுதி. 'ஏஏஏ' இன்னும் உறுதிதான், ஆனால் நம்ம வெயிலில் தினமும் யார் போடுவது? துவைக்கும்போது பேடை உருவிவிடுங்கள். பிளீச்சிங் வேண்டாம், நிழலில் காயட்டும். பிளீச், வெயில் இரண்டுமே அந்த இழையைக் கெடுக்கும்.

விலை அதிகம்தான். தீபாவளிக்கு எனக்குப் பட்டு வேண்டாம், உங்களுக்கு இதுதான் என்று சொல்லிவிட்டேன். "ஃபேக்டரிக்குப் போறவனுக்கு எதுக்கு?" என்றார். "போகிற வழியில்தானே மணல் கிடக்கு" என்றேன்.

- ஓர் இல்லத்தரசி, தேர்வாய் கண்டிகை