மது அருந்தாதவருக்கும் கல்லீரல் நோய் வரும்



"நாம்தான் குடிப்பதில்லையே, நமக்கு எப்படிக் கல்லீரல் நோய் வரும்?" என்று நம் வீடுகளில் பலரும் கேட்கிறார்கள். மதுவை அல்லாஹ் ஹராமாக்கியதால் பெரும் தீங்கொன்றிலிருந்து காக்கப்பட்டிருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கல்லீரலைக் கெடுப்பது மது மட்டுமன்று. இதை அறியாததால் பலர் பரிசோதனைக்கே போவதில்லை. போனவர்களிலும் சிலர், முடிவு சரியில்லை என்றால் மறைத்துவிடுகிறார்கள். இரகசியமாகக் குடிக்கிறான் என்று ஊர் பேசிவிடுமோ என்ற அச்சமே காரணம். இவ்வாறு மறைப்பதால் மானம் காக்கப்படுவதில்லை, நோய்தான் முற்றுகிறது.

இன்று நம் குடும்பங்களில் மிகுதியாகக் காணப்படுவது ஃபேட்டி லிவர் எனப்படும் கல்லீரல் கொழுப்பு நோய். சர்க்கரை நோய், தொப்பை, இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு ஆகியவற்றோடு சேர்ந்தே இது வருகிறது. வாரந்தோறும் பிரியாணி, நோன்பு திறக்கும்போது பொரித்த சமூசாவும் சர்க்கரைப் பானமும், உடலுழைப்பில்லாத வேலை என்று வாழ்வோர் இதற்கு மது அருந்த வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டில் உலகக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் இந்நோயின் ஆங்கிலப் பெயரையே மாற்றின. பழைய பெயரில் மதுவும் கொழுப்பும் இடம்பெற்றிருந்தது நோயாளிகளுக்கு இழிவாக அமைகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது, ஹெபடைடிஸ் பி, சி என்னும் வைரஸ்கள். வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் "அன்ஃபிட்" என்று திரும்பிய பின்னரே நம் இளைஞர்களில் சிலர் இதை அறிகிறார்கள். விசா போயிற்றே என்று வீடே வருந்துகிறது. மருத்துவரிடம் போக வேண்டும் என்று எவரும் நினைப்பதில்லை. ஹெபடைடிஸ் பி இரத்தம் வழியாகவும், தாம்பத்திய உறவு வழியாகவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். ஒரே சஹனில் அமர்ந்து உண்பதால் பரவாது. மனைவி மக்களைப் பரிசோதித்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடலாம். ஹெபடைடிஸ் சி நோயை, பெரும்பாலோருக்கு மூன்று மாத அளவிலான மாத்திரைகளால் முற்றிலும் குணப்படுத்தலாம். 2018இல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இவற்றுக்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஆய்வகத்தில் எல்.எஃப்.டி. என்று கேட்டால் கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகியவை கல்லீரல் செல்கள் சிதைவதைக் காட்டும். ஆல்கலைன் பாஸ்பேடேஸ், ஜி.ஜி.டி. ஆகியவை கூடினால் பித்தம் வடிவதில் தடை இருக்கலாம். கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பிலிரூபினும் அல்புமினும், தனியே செய்யப்படும் இரத்த உறைவுப் பரிசோதனையும் சொல்லும். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் கல்லீரலில் கொழுப்பும் தழும்பும் இருக்கலாம். ஆகவே சர்க்கரை நோயாளிகளுக்கு வயது, தட்டணுக்கள், இவ்விரு நொதிகள் ஆகியவற்றைக் கொண்டு தழும்பின் அபாயத்தை மருத்துவர் கணக்கிடுவார். தேவைப்பட்டால் ஃபைப்ரோஸ்கேன் எழுதுவார்.

எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் கூடியிருந்தால் குடிப்பவர் என்று இணையத்தில் படித்துவிட்டு முடிவு கட்டுவது அநீதி. முற்றிய கல்லீரல் நோய்களிலும், தசைக் காயத்திலும்கூட அது கூடும். பிறரைப் பற்றித் தவறாக எண்ணுவதைக் குர்ஆன் தடுத்திருக்கிறது என்பதை இங்கே நினைவிற்கொள்வோம்.

யாரிடம் போவது? முதலில் குடும்ப மருத்துவர் அல்லது பொது மருத்துவர் போதும். நொதிகள் தொடர்ந்து கூடியிருந்தாலோ, வைரஸ் தொற்று இருந்தாலோ, தழும்பு தெரிந்தாலோ இரைப்பை குடல் மருத்துவரையோ கல்லீரல் சிறப்பு மருத்துவரையோ காண வேண்டும். இவர்கள் டி.எம். பட்டம் பெற்றவர்கள். எம்.சிஎச். என்பது அறுவை மருத்துவர்களின் பட்டம். பித்தப்பைக் கல், கட்டி போன்றவற்றுக்கு அவர்கள் தேவை. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனை ஆகியவற்றில் இதற்கெனத் தனிப்பிரிவுகள் உண்டு. இரத்த வாந்தி, கரிய மலம், வயிறு வீக்கம், நினைவுத் தடுமாற்றம், குளிர்காய்ச்சலோடு காமாலை ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காமாலை என்றவுடன் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் இருப்பது நம் வழக்கம். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானே குணமாகிவிடும். மருந்து பலித்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பித்தக்குழாயில் கல் அடைத்ததால் வரும் காமாலையோ எந்த இலைக்கும் இறங்காது. மூலிகை என்பதால் தீங்கற்றது என்றும் எண்ண வேண்டா. கொரோனா காலத்தில் சீந்தில் உட்கொண்டவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தனர். எந்த மருந்துக்கும் முன்பு, எந்தக் காமாலை என்று பரிசோதித்து அறிவதே முறை.

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கூடுதல் எடை உள்ளவர் அதில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே பெரும்பாலும் கல்லீரலின் கொழுப்பும் அழற்சியும் குறையும். நோய் தொடக்கத்தில் தெரிந்தவர்க்கே இந்த எளிய வழி போதுமானதாக இருக்கும். சர்க்கரை நோயோ தொப்பையோ உள்ள பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் இவ்வாரமே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒருவருடைய முடிவு சரியில்லை என்றால், "குடித்தாயா?" என்று கேட்காமல், "எந்த மருத்துவரைப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.