வேலூர்க் கோட்டையும் தோல் குஞ்சமும்

மேல்விஷாரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் வேலூர்க் கோட்டை வாசலில் இறங்கிவிடலாம். விடுமுறை நாள்களில் நம்மவர்கள் பெண்டு பிள்ளைகளுடன் கூட்டங் கூட்டமாகப் போய்த்தான் வருகிறார்கள். போய் என்ன பார்க்கிறார்கள்? அகழித் தண்ணீரைப் பார்க்கிறார்கள். ஜலகண்டேசுவரர் கோயில் மண்டபத்துத் தூண்களைத் தடவிப் பார்க்கிறார்கள். அகழியில் முதலை இருந்த கதையையும் சுரங்க வழிக் கதையையும் கேட்டு வாய் பிளக்கிறார்கள். வேர்க்கடலை தின்று முடிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். அந்த மதிலுக்குள் 1806-ம் வருஷம் ஜூலை மாதம் 10-ந் தேதி விடியுமுன் நடந்தது என்ன, ஏன் நடந்தது என்று கேட்கிறவர்கள் வெகு சிலரேயாவர்.

கேட்கிற அந்தச் சிலருக்கும், "வெள்ளைக்காரன் மதத்தில் கை வைத்தான், சிப்பாய்கள் பொங்கினார்கள்" என்கிற ஒற்றைப் பதில்தான் கிடைக்கிறது. அது பாதி நிஜம். நெற்றியில் மதக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை இத்தனை அளவுதான் என்று சேனாதிபதி கிராடக்கு உத்திரவு போட்டது மெய்தான். தொப்பி போன்ற ஓர் புதுத் தலைப்பாகையும், அதில் தோலினால் செய்த ஓர் குஞ்சமும் வந்ததும் மெய்தான்.

தோல் பதனிட்டுப் பிழைக்கும் மேல்விஷாரத்தார் இந்தக் குஞ்சத்தைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும். சிப்பாய் மார்பின் குறுக்கே மாட்டிய வாரும் தோல். தோட்டாப் பையும் தோல். அவற்றால் வராத தீட்டு, தோல் தலைக்கு ஏறியதும் எப்படி வந்தது? தோலைச் செய்கிறவனைத் தாழ்ந்தவன் என்று தள்ளி வைத்துவிட்டு, அவன் செய்த செருப்பை மாத்திரம் காலில் மாட்டிக்கொள்ளும் தேசத்தில் இது ஆச்சரியமல்ல. என்றாலும், இதை வைத்துக்கொண்டு அந்தச் சிப்பாய்களைப் பரிகாசம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. தன் முகத்தில் எதை வைப்பது, எதை மழிப்பது என்று எவனோ ஒருவன் தன்னைக் கேளாமலே உத்திரவு போட்டால், மானமுள்ளவன் எவன் பொறுப்பான்? பொறுக்காமல் அந்த வருஷம் மே மாதத்தில் வாய் திறந்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. அடிபட்ட இருவரில் ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். மன்னிப்புக் கேட்டதால் தப்பியவர்கள் 19 பேர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கலகம் வரப்போகிறது என்று முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் முன்கூட்டியே போய்ச் சொன்னான். கர்னல் பார்பஸ் அதை விசாரிக்கும்படி இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். அவர்களோ, இவன் பைத்தியக்காரன் என்று தீர்ப்புச் சொல்லிக் காவலில் வைத்துவிட்டார்கள்! கலகம் முடிந்த பிறகுதான் பைத்தியம் தெளிந்து, வெகுமதியும் கிடைத்தது.

கோட்டை சிப்பாய்கள் வசம் இருந்ததெல்லாம் சில மணி நேரமே. திப்புவின் கொடி ஏறிற்று. வெள்ளையர் நூற்றுக்கு மேற்பட்டவர் மாண்டனர். 16 மைல் தூரத்திலுள்ள ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையும் பீரங்கியுமாக வந்து சேர்ந்தான். அரண்மனைக்குள் பதுங்கியிருந்த ஏறக்குறைய 100 சிப்பாய்களை இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தத்தில் செத்த சிப்பாய்கள் பல நூறு பேர். விசாரணைக்குப் பிறகும் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். திப்புவின் மக்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அப்புறம் அந்த உடை உத்திரவையும் ரத்து செய்தார்கள். இத்தனை பிணம் விழுந்த பிறகு!

அப்போது சென்னைக் கவர்னராயிருந்த பெண்டிங்கு பிரபுவுக்கும், கிராடக்குக்கும் இதனால் வேலை போயிற்று. அதே பெண்டிங்கு 1828-ல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். அடுத்த வருஷமே, புருஷன் பிணத்தோடு பெண்டாட்டியைக் கொளுத்தும் உடன்கட்டை வழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்தினார். ஆனால் இந்தத் தடவை கையெழுத்துப் போடுமுன், சிப்பாய்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று ராணுவ அதிகாரிகளை விசாரித்துக்கொண்டார்.