தம்பிக்கு நோய், அக்காளுக்கு ஏன் தண்டனை?

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் கூட்டம் அலைமோதும். தேவநாதசாமி கோவிலில் ஒரே நாளில் பல ஜோடிகளுக்குக் கல்யாணம் நடக்கும்.

சம்பந்தம் பேசும்போது, "குடும்பத்தில் யாருக்காவது பெரிய வியாதி உண்டா?" என்று விசாரிப்பார்கள். பெண்ணின் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், "அந்த ரத்தம் நமக்கு வேண்டாம்" என்று எழுந்து விடுகிறவர்கள் உண்டு.

இது நியாயமா? இல்லை!

எங்கே கோளாறு?

ரத்தம் எலும்புக்குள் உள்ள மஜ்ஜையில் உண்டாகிறது. அங்கே உள்ள உயிரணுவில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. இவை நூல் போன்றவை. மரபணுக்கள் இவற்றில்தான் வரிசையாக அமைந்துள்ளன. "வளர்", "போதும், நில்" என்று உயிரணுவுக்குக் கட்டளை இடுபவை மரபணுக்களே.

1960-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்ற இருவர் ஓர் உண்மையைக் கண்டார்கள். ஒருவகை ரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் உயிரணுவில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருந்தது.

ஏன்? 1973-ல் சிகாகோ பெண் டாக்டர் ஜானெட் ரௌலி விடை சொன்னார். 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் துண்டாக உடைந்து, இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. அதனால் "வளர்" என்ற கட்டளை ஓயவே இல்லை. வெள்ளை அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகின.

இந்தக் கோளாறை அடக்கும் இமாட்டினிப் என்ற மாத்திரை 2001-ல் விற்பனைக்கு வந்தது.

பரம்பரை நோயா?

இந்தக் கோளாறு தாய் தந்தை கொடுத்தது அல்ல. மஜ்ஜையில் ஏதோ ஓர் உயிரணுவில் பின்னால் ஏற்பட்டது. பிள்ளைகளுக்கும் அது போகாது. மற்ற ரத்தப் புற்றுநோய்களும் பெரும்பாலும் பரம்பரையாக வருவது இல்லை. மிகச் சில குடும்பங்களில்தான் அப்படி வருகிறது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல.

உயிர் காக்கும் உறவு

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1986-ல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது. யாருடைய மஜ்ஜை பொருந்தும்? கூடப் பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அக்காளின் மஜ்ஜை பொருந்தினால் தம்பி பிழைக்கலாம். "வேண்டாம்" என்று ஒதுக்கிய அதே ரத்தம்தான் உயிர் கொடுக்கிறது!

மறைக்காதீர்கள்!

சம்பந்தம் கெட்டுவிடும் என்று பயந்து நோயை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைத்தால் சிகிச்சை தள்ளிப்போகும். உயிருக்கே ஆபத்து வரும்.

விடாத காய்ச்சல், உடல் வெளிறுதல், அடிபடாமலே உடம்பு கன்றிப்போதல், ஈறில் ரத்தம் கசிதல், இவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கடலூர்ப் பக்கத்து மக்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி அருகிலேயே இருக்கிறது. அங்கே புற்றுநோய்க்குத் தனிப் பிரிவு உண்டு.

பெண்ணின் குணத்தைப் பாருங்கள். பையனின் உழைப்பைப் பாருங்கள். தம்பியின் நோயைக் காட்டி அக்காளின் கல்யாணத்தை நிறுத்தாதீர்கள்!