வளையம் இருக்கிறது, பெண்ணைக் காணோம்!

உங்கள் பெண் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கோஷ்டியில் ஆடுகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். உள்ளரங்கில் போட்டி. அவள் துள்ளி எழுந்து பந்தைப் போடும் சமயம் பார்த்து நீங்களும் காமிராவைத் தட்டுகிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் வளையம் பளிச்சென்று இருக்கிறது, பின்னால் சுவர்க் கடிகாரம் மணிகூடக் காட்டுகிறது. பெண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஏதோ நீலப் புகை! "இதில் நான் எங்கேம்மா?" என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

"காமிரா போதாது, பெரியதாக ஒன்று வாங்கிவிடலாம்" என்று வீட்டில் யாராவது உடனே கிளம்புவார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பீரோவில் தூங்கும் ஆரம்பநிலைக் காமிராவே இதற்குப் போதும். குறை, அதனுடன் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த லென்ஸில் இருக்கிறது.

குழாயடியில் குடம் பிடித்தவர்களுக்கு இந்தச் சங்கதி எளிதில் விளங்கும். குழாய் சிறுத்தால் குடம் நிரம்ப நேரமாகும். காமிராவுக்கு வெளிச்சம்தான் தண்ணீர். லென்ஸின் வாய் சிறியதானால் உள்ளேயிருக்கும் கதவு அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். ஓடுகிற பெண் அதுவரை காத்திருப்பாளா? வினாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறவள், வினாடியின் 60இல் ஒரு பங்குக்குள் 8 சென்டிமீட்டர் நகர்ந்து விடுகிறாள். முகத்தில் பாதி அழிந்து போக அது போதாதா? 500இல் ஒரு பங்கு என்றால் நகர்வது 1 சென்டிமீட்டர்தான். உள்ளரங்க ஆட்டத்துக்கு இந்த 500ஐ மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

லென்ஸின் முகப்பில் 1:4-5.6 என்பது போல அச்சிட்டிருக்கும். இது ஒரு விசித்திரமான கணக்கு. எண் சிறுத்தால் வாய் பெருத்தது என்று அர்த்தம். 5.6ஐவிட 2.8 நான்கு மடங்கு வெளிச்சம் விடும். 1.8 என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு! சாதாரணப் பள்ளி அரங்கின் விளக்கில், ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றி வைத்தாலும் 5.6 லென்ஸுக்கு அநேகமாக 125இல் ஒரு பங்குதான் கிடைக்கும். அதே விளக்கில் 2.8 லென்ஸ் 500ஐத் தொட்டுவிடும்.

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் நடக்கும்போது எல்லைக் கோட்டுக்கு வெளியே பத்திரிகைக்காரர்கள் பீரங்கி மாதிரி வெள்ளை லென்ஸ்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. கடைக்குப் போனால் 70-200 மில்லிமீட்டர், 2.8 என்ற லென்ஸைக் காட்டுவார்கள். பிரமாதமான சாமான்தான். ஆனால் விலை லட்சத்தைத் தாண்டும். எடையும் ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம். ஒரு மணி நேரம் தூக்கிப் பிடித்தால் கை சொல்லும்!

என் அபிப்பிராயம் இது: உள்ளரங்க ஆட்டத்துக்கு 85 மில்லிமீட்டர், 1.8 லென்ஸ் ஒன்று போதும். கானனில் அதன் எடை அரைக் கிலோகூட இல்லை. விலையும் முன் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார அனுமதி உண்டு என்றால் இன்னும் மலிவான 50 மில்லிமீட்டர், 1.8 கூடப் பழுதில்லை. இவற்றில் தூரத்தை முன்னும் பின்னும் இழுக்க முடியாது. அதற்குப் பதில் நீங்கள்தான் இடம் மாறி உட்கார வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். நிக்கானின் சிறிய காமிராக்களில், உதாரணமாக 2018இல் வந்த டி3500இல், லென்ஸைச் சுழற்றும் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 'டி' வகை லென்ஸை வாங்கினால் அது தானாகக் குவியாது; கையால் திருகிக்கொண்டு ஓடும் குழந்தையைப் பிடிக்க முடியுமா? லென்ஸின் மேல் 'ஏ.எஃப்.-எஸ்.' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காமிராவின் தலைச் சக்கரத்தைக் கானனில் 'டி.வி.'க்கும், நிக்கானில் 'எஸ்'ஸுக்கும் திருப்பி, வேகத்தை 500இல் நிறுத்துங்கள். குவியும் முறையைக் கானனில் 'ஏ.ஐ. சர்வோ', நிக்கானில் 'ஏ.எஃப்.-சி' ஆக்கி, நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைத் தொடருங்கள். ஐ.எஸ்.ஓ. ஏறினால் படத்தில் நொய் தூவினாற்போல் புள்ளிகள் தெரியும். தெரியட்டுமே! புள்ளிகளைப் பிற்பாடு குறைக்கலாம். கலைந்த முகத்தை எந்த வித்தையாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

கானன் 1500டி போன்ற காமிரா வினாடிக்கு மூன்று படம்தான் எடுக்கும். விரலை அழுத்திக்கொண்டே இருந்தால் முக்கியமான கணம் இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிவிடும். துள்ளுகிறவள் உச்சிக்குப் போனதும், கீழே இறங்கும் முன், ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறாள், கவனித்திருக்கிறீர்களா? அந்தக் கணத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா, 2011இல் பத்ம விபூஷண் பெற்றவர், ஒரு தடவைக்கு ஒரே படம் எடுக்கும் ஸ்பீட் கிராபிக் காமிராவை வைத்துக்கொண்டே பேர் வாங்கினார்.

சில அரங்குகளில் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். பயப்படாதீர்கள், நம் ஊர் மின்சாரத்தில் விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கிறது, அதன் வேலை இது. கூடுதலாக நாலு படம் எடுத்து நல்லதை வைத்துக் கொள்ளுங்கள். பளீர் விளக்கை மட்டும் போடாதீர்கள். ஆடுகிறவர்களின் கண் கூசும். பிறர் வீட்டுக் குழந்தைகள் படத்தில் விழுந்திருந்தால், வாட்ஸப்பில் போடுமுன் அவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பகல் வெயிலில் ஓட்டப் பந்தயம், கபடி என்றால் இந்தச் செலவே வேண்டாம். பழைய 5.6 லென்ஸே ஐ.எஸ்.ஓ. 400இல் 1000இல் ஒரு பங்கு வேகத்தைத் தாராளமாகக் கொடுக்கும். உள்ளரங்கப் போட்டியும் வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள்தானா? சென்னை போன்ற ஊர்களில் லென்ஸை நாள் வாடகைக்கே தருகிறார்கள். அடையாளச் சீட்டும் முன்பணமும் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் சனிக்கிழமையே எடுத்து வந்து, மாலையில் தெருவில் சைக்கிள் விடும் உங்கள் வீட்டுப் பையனைக் கொஞ்ச நேரம் துரத்திப் பழகிக் கொள்ளுங்கள்.