மைதானத்தில் ஓடும் பிள்ளைக்கு முகக்கவசம் எதற்கு?

கொரோனா பரவிய காலத்தில், 2021 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் கோடை முகாம்களுக்கான வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. சாப்பிடும்போதும் நீந்தும்போதும் தவிர, முகாமுக்கு வரும் எல்லோரும் எந்நேரமும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும் என்றது அது. வெட்டவெளிக்கும் விலக்கு இல்லை. மூன்று நாள் கழித்து அதே மையம், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் கூட்டமில்லாத திறந்த வெளியில் முகக்கவசத்தைக் கழற்றலாம் என்று அறிவித்தது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அந்நாளில் தடுப்பூசிக்கு அனுமதியே இல்லை. நோயால் மிகக் குறைவாகப் பாதிக்கப்பட்டவர்கள் மீது மிகக் கடுமையான விதி. எதிர்ப்பு வலுத்து, மே 28 அன்று அது தளர்த்தப்பட்டது.

அந்த விதி அன்றே தவறு. அடுத்த பெருந்தொற்றில் எந்த அரசும், நம் அரசு உட்பட, திறந்த மைதானத்தில் விளையாடும் குழந்தைக்கு முகக்கவசத்தைக் கட்டாயமாக்கக் கூடாது.

இது நடந்து முடிந்த பிறகு வந்த ஞானம் அல்ல. 2020 தொடக்கத்தில் சீனாவின் 320 நகரங்களில் பதிவான தொற்றுகளை ஆராய்ந்தவர்களால், விவரம் தெரிந்த 7,324 நோயாளிகளில் வெளியிடத்தில் நேர்ந்த தொற்று நிகழ்வாக ஒன்றே ஒன்றைத்தான் காண முடிந்தது. அதில் சிக்கியவர் இருவர். அந்த ஆய்வு 2020 ஏப்ரலிலேயே வெளிவந்துவிட்டது. இதற்கு எதிர்முனையில் ஃபுளோரிடாவின் ஓர் உள்ளரங்கம் இருக்கிறது. 2020 ஜூனில் அங்கே நடந்த ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குப் பின் 22 வீரர்களில் 14 பேருக்கும் பணியாளர் ஒருவருக்கும் நோய் அறிகுறி தென்பட்டது. மூடிய கூடத்தில் ஒருவர் விட்ட மூச்சு அங்கேயே தேங்கிச் சுழல்கிறது. மைதானத்தில் அது நொடிகளில் கலைந்து போகிறது. 2020 ஆகஸ்ட் 21 அன்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், ஓடியாடி விளையாடும்போது குழந்தைகள் முகக்கவசம் அணியக் கூடாது என்றே சொன்னது. கையில் இருந்த இந்த அறிவை எட்டு மாதம் கழித்தும் பயன்படுத்தாததுதான் நம் குற்றச்சாட்டு.

விதியை எதிர்த்தவர்கள் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்கவில்லை. முகக்கவசம் பிள்ளைகளை மூச்சுத்திணறவைத்துக் கொன்றுவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ஆரோக்கியமானவர்களை வைத்து உடற்பயிற்சியின்போது நடத்தப்பட்ட ஆய்வுகளில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்பதாலேயே ஒரு கட்டாயம் நியாயமாகிவிடாது. வியர்வையில் நனைந்த துணி மூக்கோடு ஒட்டிக்கொள்கிறது. பிள்ளை அதைக் கையால் இழுத்து இழுத்து விடுகிறது. ஈரமான கவசத்தால் பயனும் குறைவு. ஒரிகன் மாநிலத்தில் முகக்கவசத்தோடு ஓட்டப்பந்தயம் ஓடிய பள்ளி மாணவி ஒருவர் இறுதிக்கோட்டுக்கு அருகில் சரிந்து விழுந்தார். அதன் பிறகு சில நாட்களிலேயே அம்மாநிலம் விதியை மாற்றியது. ஒரு பிள்ளை விழுந்த பிறகுதானா அதிகாரிகளுக்குக் கண் திறக்க வேண்டும்?

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. 2021 வசந்த காலத்தில் மிச்சிகனிலும் மினசோட்டாவிலும் இளையோர் விளையாட்டு அணிகளைச் சுற்றித் தொற்றுக் கொத்துகள் கிளம்பியது உண்மை. ஆனால் அவற்றில் கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி, மல்யுத்தம் போன்ற உள்ளரங்க ஆட்டங்களும் இருந்தன. வெளியில் ஆடும் அணிகூட ஒரே வேனில் நெருக்கியடித்து வருகிறது, உடை மாற்றும் அறையில் கூடுகிறது, ஆட்டம் முடிந்ததும் ஒரே மேசையில் சாப்பிடுகிறது. ஆபத்து அங்கேதான். வேனில் ஜன்னலைத் திற, முகக்கவசம் போடு, உடை மாற்றும் அறையில் நிற்காதே, காய்ச்சல் என்றால் வீட்டில் இரு. இவற்றைச் சொல்லிக் கடைப்பிடிக்கவைப்பது உண்மையான தடுப்பு. பந்தின் பின்னால் ஓடுகிறவனைத் துரத்தி "மாஸ்க்கை மேலே ஏற்று" என்று கத்துவதில் பயிற்சியாளரின் கவனமெல்லாம் போனால், வேன் ஜன்னலை யார் பார்ப்பது?

நம் நாட்டிலும் அன்று கணக்கு சரியாக இருக்கவில்லை. மத்திய உள்துறையின் ஆணைகள் 'பொது இடம்' என்பதையே அளவுகோலாக வைத்தன, காற்றோட்டத்தை அல்ல. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தனியாகக் கார் ஓட்டுபவருக்கும் முகக்கவசம் கட்டாயம் என்றது இந்த அளவுகோலால்தான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முகக்கவசம் பரிந்துரைக்கப்படவில்லை என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் தெளிவுபடுத்தியது 2021 ஜூனில். நோய் வந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. டாஸ்மாக் கடைகள் 2020 மே மாதமே திறக்கப்பட்டிருந்தன. இந்த வரிசையில் பிள்ளைகளை எங்கே நிறுத்தினோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மைதானம் என்பது பெரும்பாலும் பள்ளி மைதானம் மட்டுமே. அதை இழந்தால் வேறு இடம் கிடையாது.

அடுத்த கிருமி வேறு விதமாக இருக்கலாம், குழந்தைகளையே அதிகம் தாக்கலாம் என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் அதற்கான சான்றை முன்வைத்து, காலவரையறையோடு விதி வரட்டும். நிரூபிக்கும் பொறுப்பு விதி போடுகிறவருடையது, விளையாட வருகிற பிள்ளையுடையது அல்ல. தானாக விரும்பி அணிகிற பிள்ளையை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதும் பள்ளியின் பொறுப்பு. வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் தாத்தாவுக்காக அது அணிந்திருக்கலாம்.

1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் அவசரமாகத் திருத்தம் கொண்டுவந்து அபராதத்துக்கு வழி செய்த அரசுக்கு, இப்போது அவசரம் இல்லாத நேரம் கிடைத்திருக்கிறது. சுகாதாரத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கூடி, குழந்தைகள் நல மருத்துவர்களையும் உடற்கல்வி ஆசிரியர்களையும் உடன் வைத்துக்கொண்டு, பெருந்தொற்றுக் கால விளையாட்டு நெறிமுறையை இப்போதே எழுதிவிட வேண்டும். எந்த ஆட்டத்துக்கு விலக்கு, எந்த அறையில் கட்டாயம், எத்தனை நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். எழுதியதைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டு, எல்லாப் பள்ளிகளுக்கும் தமிழில் அனுப்ப வேண்டும்.