பரிமாறுகிறவரின் நாற்காலி

பிறந்தநாளோ திருமணநாளோ, ஆராதனை முடிந்ததும் தாம்பரம், குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலை உணவகங்களில் உற்றார் நண்பரோடு கூடுகிறோம். இதைக் கடிந்துகொள்ள நான் எழுதவில்லை. கானாவூர்க் கலியாணத்திற்கு ஆண்டவரும் சென்றாரே. அடுப்பருகே நிற்கும் தாய்மாருக்கு அன்றாவது ஓய்வு கிடைக்கிறது.

ஆனால் அந்த ஓய்வின் பாரம் வேறொருவருடைய கால்கள்மேல் இறங்குகிறது. நமது பண்டிகை நாளே அவருக்கு வேலை மிகுந்த நாள். தொலைவில், ஒடிசாவிலோ அசாமிலோ, அவருடைய பிள்ளைக்கும் அன்று பிறந்தநாளாயிருக்கலாம். அவரோ நம் பிள்ளைக்குக் கைதட்டிப் பாடிவிட்டு அடுத்த மேசைக்கு விரைகிறார். கடைகளிலும் நிறுவனங்களிலும் நின்று பணிசெய்வோருக்கு இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. உணவகத்தில் அந்த நாற்காலியை எங்கேனும் கண்டோமா? கேட்டாவது இருக்கிறோமா? நானும் கேட்டதில்லை, மேசையில் சிறிது பணம் வைத்ததோடு என் கடமை தீர்ந்ததென்றிருந்தேன்.

லூக்கா 12:37இல் எஜமான், விழித்திருந்த ஊழியரை உட்காரவைத்துத் தானே பரிமாறுகிறான். இதைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். வருகிற ஞாயிறு நண்பகல், எங்கள் குடும்பத்தின் மேசைக்குப் பணம் செலுத்தும்போது, அந்த நாற்காலியைக் குறித்து உரிமையாளரிடம் மரியாதையோடு கேட்கப்போகிறேன்.