ஒழுங்கை யாருடையது?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெள்ளவத்தையிற் காலி வீதியோரம் நின்று பாருங்கள். கடைகள் திறக்குமுன், பஸ்களின் இரைச்சல் எழுமுன், தலைக்கவசமணிந்த கனவான்கள் விலையுயர்ந்த துவிச்சக்கரவண்டிகளில் தெற்கு நோக்கிச் செல்வர். பொல்கொடை வாவிப் பக்கத்து ஒழுங்கைகளில் வயற்காற்றைச் சுவாசித்து, வெயில் ஏறுமுன் வீடு மீள்வது அவர் நோக்கம். அவருள் நம்மவரும் உளர். மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், நம்மைப் போன்ற சட்டத்தரணிகள். இதனை நாம் குறை கூறவில்லை. நல்ல பழக்கம், நீடு வாழ்க.

ஆனால் ஒன்று கேட்கின்றோம். இதே கனவான் கோவில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் என்ன செய்கின்றார்? சுன்னாகம் சந்தைக்கு அரைக் கட்டை தூரம் போவதற்கும் குளிரூட்டிய வாடகை வான் வேண்டுமென்கிறார். தந்தையார் ஆயுட்காலமெல்லாம் ஏறிய றலி சைக்கிள் மாட்டுக்கொட்டிலிலே துருப்பிடித்துக் கிடக்கின்றது. அதனை ஏறிட்டும் பாரார். பொல்கொடையில் ஏறினால் உடற்பயிற்சி, புன்னாலைக்கட்டுவனில் ஏறினால் அவமானம்! இந்த மனப்பான்மைதான் நம் ஒழுங்கைகளை நாம் இழந்து வருவதன் முதற் காரணம் என்று துணிந்து கூறுகின்றோம்.

சைக்கிள் என்ற சொல்லைக் கண்டதும் சிலர் இது ஓர் அரசியற் கட்சியின் சின்னத்துக்காக எழுதப்பட்டது என்று எண்ணக்கூடும். அந்த ஐயம் வேண்டாம். வீட்டுக்கு வாக்களிப்பவனும் சைக்கிளிலேதான் வாக்குச் சாவடிக்குப் போகின்றான்.

குடாநாட்டு மக்களுக்குத் துவிச்சக்கரவண்டி விளையாட்டுப் பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் நின்றது, பெற்றோல் தடுக்கப்பட்டது. மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மண்ணெண்ணெயும் கிட்டாதவனுக்குத் தன் கால்களே இயந்திரமாயின. வெங்காயமும் கத்தரியும் விறகும் நோயாளியும் கரியரில் ஏறின. இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நம் வாசகருள் எத்தனை பேர்! 1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் ஒரே இரவிற் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, முதிய தாயை இருத்தி உருட்டிச் சென்ற வண்டி எது? மூட்டை முடிச்சைச் சுமந்தது எது? அன்று அதனைக் கைவிடாதவர்கள் இன்று அதனைக் கண்டு நாணுவது என்ன நியாயம்?

கொழும்பும் இப்பாடத்தை ஒருமுறை படித்தது. 2022 ஜூன் 27ஆம் நாள், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் விற்பதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. கொட்டாஞ்சேனையில் மோட்டார் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசை காத்தன. நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் கந்தோருக்கும் சைக்கிளில் வந்த கனவான்களைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. சைக்கிளின் விலை பன்மடங்கு ஏறியது. கியூ.ஆர். அட்டை வந்தது, எரிபொருள் வந்தது, ஞானம் போயிற்று!

இனி ஒழுங்கைகளின் நிலையைப் பார்ப்போம். வலிகாமம் வடக்கின் மக்கள் 1990இல் வெளியேற்றப்பட்டனர். 2013 ஏப்ரலில், காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின்கீழ், 6,381 ஏக்கருக்கு அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஏக்கர்க் கணக்கை யாவரும் பேசுகின்றோம். அந்த ஏக்கர்களினூடே தோட்டத்துக்கும் கோவிலுக்கும் பள்ளிக்கும் சென்ற ஒழுங்கைகள் எத்தனை என்று எவரும் கேட்பதில்லை. காணி பகுதி பகுதியாக மீண்டது உண்மையே. ஆனால் வழியில்லாத தோட்டம் தோட்டமாகுமா?

வசாவிளான் – பலாலி வீதியின் கதையைக் கேளுங்கள். 1990 முதல் மூடிக்கிடந்த அவ்வீதி 2025 ஏப்ரல் 10ஆம் நாள் திறக்கப்பட்டது. எப்படித் திறந்தார்கள்? காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும், இடையில் நிற்கலாகாது, திரும்பலாகாது, படம் பிடிக்கலாகாது, நடந்து செல்லலாகாது! வீதி என்பது மனிதன் நடப்பதற்கென்று உண்டானது என்பதே உலகத்துச் சட்டமெல்லாம் ஒப்பும் முதல் விதி. நடக்கக் கூடாத வழியை வீதி என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் கொடுமை. சங்கிலி கழன்றாற் சைக்கிள்காரன் இறங்கி மாட்டவேண்டும். நிற்கலாகாதென்றால், அந்தக் கணமே அவன் குற்றவாளி. இப்படி ஒரு நிபந்தனையைக் காலி வீதியில் எவரேனும் ஒரு நாளாவது விதிக்கத் துணிவரா?

இராணுவத்தைக் குறை கூறிவிட்டு நம்மவரை மறைப்பது நமது நோக்கமன்று. முகாம் இல்லாத ஊர்களில் ஒழுங்கையைப் பறிப்பவர் யார்? கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில் எழுப்பும்போது ஓரடி வெளியே தள்ளி அத்திவாரம் வெட்டுபவர் யார்? மணல் ஏற்றிய டிப்பரைப் பள்ளி விடும் நேரத்திற் குறுக்கு வழியால் அனுப்புபவர் யார்? வெள்ளை உடுப்பணிந்த பிள்ளை ஒன்று புத்தகப் பையுடன் வேலியோடு ஒட்டி நிற்க, புழுதியைக் கக்கிக்கொண்டு லொறி போகின்றது. இதற்கு அபிவிருத்தி என்று பெயர்! கார்ப்பட் போட்டால் போதும், கைதட்டுகின்றோம். அதில் எவன் எவ்வளவு வேகத்தில் ஓடுவான் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அதிகாரமில்லை என்று நம் பிரதிநிதிகள் கூறுவர். 13ஆவது திருத்தம் தேசிய நெடுஞ்சாலைகள் ஒழிந்த வீதிகளை மாகாண சபைக்கு அளித்தது. அந்தச் சபை 2013இற் பிறந்து 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. இந்த அநீதியை நாம் ஓயாது கண்டிப்போம். ஆயினும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். பொதுச் சுகாதாரம், பொதுப்பயன்பாட்டுச் சேவை, பொது வழிகள் என்பவற்றை ஒழுங்குபடுத்தி நிருவகிக்கும் பொறுப்பு அச்சபைகளுடையது. சைக்கிளுக்கு வரி விதிக்கவும் அச்சட்டம் இடந்தருகின்றது. வரி கேட்கும் உரிமை உண்டானால், வழி கொடுக்கும் கடமை இல்லையா? 2025 மே 6ஆம் நாள் நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள், பெரிய அதிகாரம் வரும் வரை சிறிய அதிகாரத்தை உறங்க வைப்பது தகாது.

பிற தேசங்கள் இதனைச் செய்துள்ளன. பிரித்தானியப் பாராளுமன்றம் 2000ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின் 268ஆம் பிரிவினால், நாட்டுப்புறச் சாலைகளை 'அமைதி ஒழுங்கைகள்' எனக் குறித்தொதுக்கும் உரிமையை உள்ளூர் அதிகார சபைகளுக்கு வழங்கியது. ஒல்லாந்தில் 1971ஆம் ஆண்டில் மட்டும் வீதி விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் மாண்டனர். அவருள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினர். 1973இல் எரிபொருள் நெருக்கடி வந்தது. ஒல்லாந்தர் அந்த நெருக்கடியை மறந்துவிடவில்லை. சைக்கிளுக்கெனப் பாதை சமைத்தனர். நம்மை ஒருகாலத்தில் ஆண்ட ஒல்லாந்தரின் கோட்டையைக் காட்டி உல்லாசப் பயணிகளை அழைக்கின்றோம். அவரிடம் கற்கவேண்டியதைக் கற்கவில்லை.

கமக்காரர் ஒருவர் நம்மைக் கேட்கலாம்: "தம்பி, நீர் கொழும்பிலிருந்து கொண்டு பழமை பேசுகிறீர். எங்கள் விளைச்சல் லொறியில் ஏறவேண்டாமா?" நியாயமான கேள்வி. ஏறவேண்டும், ஐயா. உரமும் உழவு யந்திரமும் உங்கள் தோட்ட வாசலுக்கு வரவேண்டும். நாம் தடுக்கச் சொல்வது உங்கள் லொறியை அன்று. உங்கள் ஊருக்கு எந்தத் தொடர்புமின்றி, பெருந்தெருவின் தாமதத்தைத் தவிர்க்க உங்கள் ஒழுங்கையினூடே பறந்து செல்லும் பார வண்டியையே. அதிகாலையில் மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி கட்டிச் செல்லும் உங்கள் உயிரை முன்னிட்டே பேசுகின்றோம்.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லையிலுள்ள ஒழுங்கைகளின் இடாப்பைத் தயாரித்து, அகலத்தை அளந்து, ஊரறிய வெளியிடவேண்டும். அளக்கப்படாத ஒழுங்கை ஆண்டுதோறும் தேயும். இரண்டாவது, பள்ளிகளையும் சந்தைகளையும் இணைக்கும் ஒழுங்கைகளைத் தெரிந்து, ஊருக்கு வேலையில்லாத பார வண்டிகளை விலக்கும் உபவிதிகளை வரைந்து அங்கீகாரத்துக்கு அனுப்பவேண்டும். மறுக்கப்பட்டால், மறுத்தவர் யாரென நாடு அறியட்டும். மூன்றாவது, காணி விடுவிப்பைப் பேசும் ஒவ்வொரு மேசையிலும் வழி விடுவிப்பையும் வைக்கவேண்டும். நிபந்தனையற்ற வழி, நடக்கவும் நிற்கவும் கூடிய வழி.

வெள்ளவத்தைக் கனவான்களே! அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கொட்டிலிற் கிடக்கும் தந்தையாரின் சைக்கிளை எடுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். ஒழுங்கையில் இறங்குங்கள். எங்கே மதில் முன்வந்திருக்கிறது, எங்கே முட்கம்பி குறுக்கிடுகிறது, எங்கே பிள்ளைகள் ஒதுங்க இடமில்லை என்பதை வானின் கண்ணாடியினூடே காணமுடியாது, சைக்கிளிலிருந்து காணலாம். கண்டதை எழுதிச் சபைக்குக் கொடுங்கள். நாம் நடமாடாத வழி நமதென்று வழக்காட எந்தச் சட்டத்தரணியாலும் முடியாது.